நில எடுப்பு நோட்டீஸ் வந்தால்: பேசி விற்பதா, ஆட்சேபித்து வாங்குவதா, வழக்குப் போடுவதா?

புல எண், உட்பிரிவு, ஹெக்டேரில் பரப்பு, பட்டாதாரர் பெயர். நில எடுப்பு நோட்டீஸில் நம்மைப் பற்றி இருப்பது அவ்வளவுதான். பல வீடுகளில் அந்தப் பெயர்கூட எப்போதோ இறந்துபோன தாத்தாவுடையதாக இருக்கும். சாலைக்கோ, தொழிற்பேட்டைக்கோ, விமான நிலையத்துக்கோ நிலம் போகப்போகிறது என்று தெரிந்தவர்கள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "பேசி முடித்துவிடலாமா, இல்லை கேஸ் போடலாமா?"

வழி இரண்டு இல்லை, மூன்று. ஒன்று, அரசோடு விலை பேசி கிரயம் செய்து கொடுப்பது. இரண்டு, நிலம் போவதை எதிர்க்காமல், "தொகை போதாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு, கூடுதல் தொகைக்கு மனுப் போடுவது. மூன்று, எடுப்பே செல்லாது என்று உயர் நீதிமன்றம் போவது. நடுவில் உள்ள வழியைப் பலருக்கு யாரும் சொல்வதில்லை. அதனால் சிலர் அவசரப்பட்டு முதல் வழியில் கையெழுத்துப் போடுகிறார்கள். சிலர் விலைக்காக மட்டும் மூன்றாவது வழியில் இறங்கி வருடக்கணக்கில் அலைகிறார்கள்.

## முதலில், எந்தச் சட்டம்?

நோட்டீஸின் தலைப்பில் சட்டத்தின் பெயர் இருக்கும். அதைப் பார்க்காமல் யார் சொல்லும் யோசனையையும் கேட்க வேண்டாம். கெடுவும், மனு போகும் இடமும் அதைப் பொறுத்தே மாறும்.

பொதுவான சட்டம் 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம். 1894ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதில் முதல்நிலை அறிவிக்கை வெளியான 60 நாளுக்குள் ஆட்சேபணை கொடுக்கலாம். தேசிய நெடுஞ்சாலைக்கு என்றால் 1956ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே ஆட்சேபணைக்கு 21 நாள்தான். விலைத் தகராறு நீதிமன்றத்துக்குப் போகாமல், மத்திய அரசு நியமிக்கும் நடுவரிடம் போகும்.

தமிழ்நாட்டுக்கென்று மூன்று தனிச் சட்டங்களும் உண்டு. ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்காக 1978இல் வந்தது ஒன்று, தொழில் நோக்கங்களுக்காக 1997இல் வந்தது இன்னொன்று, 2001ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் மூன்றாவது. சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் இவை செல்லாது என்றது. அரசு அதே ஆண்டு புதுச் சட்டம் போட்டு இவற்றுக்கு உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஆக, எடுப்பால் ஊர் மக்களுக்கு என்ன பாதிப்பு என்று ஆராயும் சமூகத் தாக்க மதிப்பீடு இல்லாமலேயே இவற்றின் கீழ் நிலம் எடுக்க முடிகிறது. ஆனால் இழப்பீட்டுக் கணக்கு மட்டும் 2013 சட்டத்தை ஒட்டியே வர வேண்டும். தேசிய நெடுஞ்சாலைக்கும் 2015 ஜனவரி 1 முதல் அப்படித்தான். அதனால் கீழே வரும் கணக்கு ஏறக்குறைய எல்லோருக்கும் பொருந்தும். கெடு மட்டும் பொருந்தாது.

## எதை வைத்து ஒப்பிடுவது

கையில் வரும் தொகை, அது வர ஆகும் காலம், வரி, வீட்டின் பத்திரங்கள் எவ்வளவு சுத்தம், அந்த நிலம் போனால் அதே பிழைப்பு வேறிடத்தில் கிடைக்குமா: இந்த ஐந்தையும் எல்லோரும் யோசிப்பார்கள். ஆறாவதாக ஒன்று இருக்கிறது. அதுதான் எனக்கு மற்ற ஐந்தைவிடப் பெரிது. இந்தக் கையெழுத்தைப் போட்ட பிறகு எந்தக் கதவு மூடும்? தொகை குறைந்தால் பிறகு கேட்கலாம். கேட்கும் உரிமையே போய்விட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

## பேசப் போகுமுன் போட வேண்டிய கணக்கு

சட்டப்படி உங்களுக்கு எவ்வளவு வர வேண்டும் என்று தெரியாமல் எந்த வழியையும் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரு கிராமத்து ஏக்கரை எடுத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான்.

அடிப்படைச் சந்தை மதிப்பு 20 லட்சம். பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம். அக்கம்பக்கத்தில் அதே மாதிரி நிலத்துக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயங்களில் விலை அதிகமான பாதியை எடுத்து, அதன் சராசரி இன்னொரு பக்கம். இரண்டில் எது கூடுதலோ அதுதான் அடிப்படை. அதைப் பெருக்கல் காரணியால் பெருக்க வேண்டும். நகரத்தில் 1, கிராமத்தில் 1 முதல் 2 வரை. 1.5 என்று வைத்தால் 30 லட்சம். கிணறு, மரம், கட்டடம் 3 லட்சம் சேர்த்தால் 33. இதற்குச் சமமான தொகையை ஆறுதல் தொகையாகச் சேர்க்க வேண்டும். சொலேஷியம் என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் சொல்வது இதைத்தான். ஆக 66 லட்சம். அப்புறம் அறிவிக்கை தேதியிலிருந்து ஆண்டுக்கு 12 சதவீதம், அடிப்படை மதிப்பின் மேல். இரண்டு ஆண்டு என்றால் 4.8 லட்சம். மொத்தம் 70.8 லட்சம்.

"இருபதுக்கு எழுபது தருகிறார்களே, இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். முத்திரைத் தீர்வையை மிச்சப்படுத்த, உண்மை விலையைக் காட்டாமல் வழிகாட்டி மதிப்புக்கே பத்திரம் பதிவது நம் ஊரில் பல காலப் பழக்கம். ஏக்கர் 60 லட்சத்துக்குக் கைமாறினாலும் பத்திரத்தில் 20 என்று இருந்தால் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவது அந்த 20தான். பக்கத்து நிலத்துக்காரர் குறைத்துப் போட்டது உங்கள் இழப்பீட்டையும் குறைக்கும். வழிகாட்டி மதிப்பும் மேலே போய்க்கொண்டே இருக்கும் என்று சொல்ல முடியாது. 2017 ஜூனில் தமிழ்நாட்டில் அதை ஒரேயடியாக 33 சதவீதம் குறைத்தார்கள். வாங்குபவருக்கு அது நல்ல சேதி. நிலம் எடுக்கப்பட்டவருக்கு அடிப்படையே சரிந்தது. அதனால் மடங்கு மடங்காக வருவதைத் தாராளம் என்று சொல்ல முடியாது. பாதி நேரம் அது உண்மை விலைக்குத் திரும்பி வருவது மட்டுமே.

மரக்கணக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். என் பெரியப்பா நிலத்தில் சாலை அகலப்படுத்த அளந்த அன்று நானும் இருந்தேன். அளவையர் சங்கிலியை வரப்பு ஓரமாக இழுத்து, கல்லில் சிவப்பு பெயின்ட் அடித்துவிட்டு, நோட்டில் "தென்னை 11" என்று எழுதினார். கல்லுக்கு இந்தப் பக்கம் இருந்தவை 17. ஆறு மரம் கிணற்று மேட்டுக்குப் பின்னால் இருந்ததால் கண்ணில் படவில்லை. யாரும் திருத்தச் சொல்லவில்லை, பெரிய மனுஷனிடம் மரம் எண்ணிக் காட்டுவதா என்று ஒரு கூச்சம். தொகை வந்தபோது 11 மரத்துக்குத்தான் வந்தது. ஆறுதல் தொகையும் அந்த 11க்குத்தான். அளக்க வரும் நாளில் ஒவ்வொரு மரத்தின் முன்பும் நின்று தேதி தெரிகிற மாதிரி படம் எடுங்கள். போர்வெல், மின் இணைப்பு, குழாய் வரிசை, வேலி எல்லாவற்றையும் எழுதி, நகலில் முத்திரை வாங்குங்கள்.

## ஒரே பார்வையில்

| | பேசி விற்பது | ஆட்சேபித்து வாங்குவது | எடுப்பை எதிர்ப்பது |
|---|---|---|---|
| தொகை | பேச்சில் முடிவது | சட்டக் கணக்கு, பிறகு கூடலாம் | தோற்றால் சட்டக் கணக்கு மட்டுமே |
| காலம் | மிகக் குறைவு | முதல் தொகை சீக்கிரம், கூடுதல் வர வருடங்கள் | வருடங்கள், முடிவு நிச்சயமில்லை |
| மூடும் கதவு | கூடுதல் கேட்பது | எடுப்பை எதிர்ப்பது | தாமதித்தால் எல்லாமே இறுகும் |
| பத்திரம் | சுத்தமாக இருந்தே ஆக வேண்டும் | பங்குத் தகராறு இருந்தாலும் முடியும் | பெயர் ஆதாரம் வேண்டும் |
| மறைவான செலவு | வரி, மறுவாழ்வுப் பலன் இழப்பு | வழக்கறிஞர் பங்கு, வட்டிக்கு வரி | தடைக் காலத்தில் 12% நிற்பது |

## பேசி விற்பது

பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் எடுப்பதில் இந்த வழியும் பயன்பட்டது. 2022 முதல் ஏகனாபுரம் மக்கள் போராடிக்கொண்டிருக்க, அதே திட்டத்துக்கு வேறு சிலர் விலை பேசி கிரயம் எழுதிக் கொடுத்தார்கள். யாரையும் குறை சொல்ல மாட்டேன். மகள் கல்யாணமோ வங்கிக் கடனோ தலைக்கு மேல் நிற்கும்போது, கையில் வரும் பணத்தின் மதிப்பு வேறு.

இந்த வழியின் பலம் வேகம். பேசிய விலை கிரயத்தன்று கணக்கில் வரும். பலவீனம், இது சட்டத்தின் பார்வையில் நீங்களாக விரும்பி விற்ற விற்பனை. கூடுதல் தொகை கேட்டு மனுப் போட இடமில்லை. எடுத்த நிலம் ஐந்து ஆண்டு பயன்படுத்தாமல் கிடந்தால் பழைய உரிமையாளருக்கோ அரசின் நில வங்கிக்கோ திரும்ப வேண்டும் என்று 2013 சட்டத்தின் 101ஆம் பிரிவு சொல்கிறது. கிரயம் எழுதிக் கொடுத்தவர் அதைக் காட்டிக் கேட்பது கடினம். மறுவாழ்வுப் பலன்களும் அப்படித்தான். வேலை அல்லது 5 லட்சம் ரூபாய் அல்லது 20 ஆண்டுக்கு மாதம் 2,000 ரூபாய், ஓராண்டுக்கு மாதம் 3,000 ரூபாய் பிழைப்புத் தொகை, இடம்பெயர 50,000 என்று சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் ஒரு பட்டியலே இருக்கிறது. பேசும் விலைக்குள் இவை அடங்கியிருக்கிறதா என்று யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். உங்கள் நிலத்தில் பல காலம் உழைத்துப் பிழைத்த குடும்பத்துக்கும் சட்டப்படியான எடுப்பில் இந்த உரிமை உண்டு. உங்கள் கிரயத்தில் அவர்கள் பெயரே வராது. அவர்களைப் பற்றியும் அந்த மேசையில் பேசுங்கள்.

வரி இன்னொன்று. 2013 சட்டப்படி கிடைக்கும் இழப்பீட்டுக்கு 96ஆம் பிரிவு வருமான வரி விலக்குக் கொடுக்கிறது. நேரடி வரி வாரியமும் 2016இல் சுற்றறிக்கை போட்டு இதை உறுதி செய்தது. பேசி விற்ற தொகைக்கு அந்த விலக்கு தானாக வராது. கிராமத்து விவசாய நிலம் என்றால் கவலை குறைவு. நகர எல்லைக்குள் இருக்கும் மனை என்றால் ஆடிட்டரைப் பார்த்து, வரி போக எவ்வளவு நிற்கும் என்று கணக்குப் போட்ட பிறகு விலை பேசுங்கள்.

எப்போது இது நல்லது? மேலே போட்ட சட்டக் கணக்கைவிடப் பேசும் விலை தெளிவாகக் கூடுதலாக இருந்து, பட்டாவும் மூலப் பத்திரமும் உங்கள் பெயரில் சுத்தமாக இருந்தால். 70 லட்சம் வர வேண்டிய இடத்தில் 72 கொடுத்தால், அந்த 2 லட்சத்துக்காக இத்தனை கதவையும் மூட மாட்டேன். 90 கொடுத்தால் யோசிப்பேன்.

## ஆட்சேபித்து வாங்கி, கூடுதல் கேட்பது

விலைதான் குறை என்றால் பெரும்பாலான குடும்பங்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

இதில் எல்லாமே ஒரு வார்த்தையில் நிற்கிறது. பணம் வாங்கும்போது கையெழுத்துக்கு மேலே "தொகை போதாது என்ற ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுத வேண்டும். 2013 சட்டத்தின் 77ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: ஆட்சேபணை இல்லாமல் வாங்கியவர் கூடுதல் கேட்டு மனுப் போட முடியாது. அலுவலகத்தில் நீட்டும் படிவத்தில் அந்த வரி இருக்காது. பின்னால் ஆள் நிற்கிறது என்று அவசரப்படுத்துவார்கள். "அதெல்லாம் எழுதினால் செக் லேட்டாகும்" என்பார்கள். பரவாயில்லை, எழுதுங்கள். எழுதிய பக்கத்தைப் படம் எடுங்கள். ஆட்சேபணையை அதற்கு முன்பே ஒரு கடிதமாகப் பதிவுத் தபாலில் அனுப்பி வைத்தால் இன்னும் நல்லது.

அப்புறம் கெடு. இழப்பீட்டு ஆணை போட்ட அன்று நீங்கள் நேரில் இருந்தால், அந்தத் தேதியிலிருந்து ஆறு வாரத்துக்குள் ஆட்சியரிடம் 64ஆம் பிரிவின் கீழ் மனுக் கொடுக்க வேண்டும். நேரில் இல்லையென்றால் நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து ஆறு வாரம் அல்லது ஆணையிலிருந்து ஆறு மாதம், எது முந்தியோ அது. ஆட்சியர் 30 நாளுக்குள் அதை, இழப்பீட்டுத் தகராறுகளைத் தீர்க்க இந்தச் சட்டத்தின் கீழ் அமைத்த ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

கூடுதல் தொகை கிடைத்தால், நிலம் கையைவிட்டுப் போன நாளிலிருந்து முதல் ஆண்டுக்கு 9 சதவீதமும் அதன் பிறகு 15 சதவீதமும் வட்டி சேரும். அந்த வட்டிக்கு வரி உண்டு, பாதிக்குக் கழிவும் உண்டு. மறைவான பெரிய செலவு வேறு இடத்தில் இருக்கிறது. "முன்பணம் வேண்டாம், கிடைப்பதில் நூற்றுக்கு இத்தனை" என்று வீடு தேடி வரும் ஏஜெண்டுகள். வெற்றுத் தாளிலும் பவர் பத்திரத்திலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். வழக்கறிஞரை நேரில் பார்த்து, கட்டணத்தை எழுத்தில் பேசி முடியுங்கள்.

கூட்டுப்பட்டா குடும்பங்களுக்கும் இதுதான் சரியான வழி. அண்ணன் தம்பிக்குள் பங்கு முடியவில்லை என்றால் தொகையை ஆணையத்தில் கட்டி வைப்பார்கள். பங்கு பிறகு தீரலாம், தொகை பற்றிய ஆட்சேபணை அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தகராறில் இருக்கும் அண்ணன் தம்பிகூட இந்த ஒரு மனுவில் சேர்ந்து கையெழுத்துப் போடலாம். இருவருக்கும் லாபம் ஒன்றுதானே.

கெடுவைத் தவறவிட்டவர்களுக்கும் ஒரு சன்னல் இருக்கிறது. அதே அறிவிக்கையில் வந்த வேறு ஒருவருக்கு ஆணையம் தொகையைக் கூட்டிக் கொடுத்தால், அந்த ஆணை வந்த மூன்று மாதத்துக்குள் "எனக்கும் அந்த விலையைக் கொடுங்கள்" என்று ஆட்சியரிடம் 73ஆம் பிரிவின் கீழ் கேட்கலாம். அதனால் ஊரில் யார் வழக்குப் போட்டிருக்கிறார்கள், அது எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டே இருங்கள்.

## எடுப்பையே எதிர்ப்பது

சொத்துரிமை இன்று அடிப்படை உரிமை இல்லை. 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம் அதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் அரசமைப்பின் 300ஏ பிரிவு இருக்கிறது: சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்க முடியாது. 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குள் ஏழு உரிமைகள் இருக்கின்றன என்று பிரித்துச் சொன்னது. முன்னறிவிப்பு, ஆட்சேபணையைக் கேட்பது, காரணம் சொல்லி முடிவெடுப்பது, பொது நோக்கம், நியாயமான இழப்பீடு, காலத்தில் நடத்துவது, முறையாக முடித்து வைப்பது. பணம் மட்டும் கொடுத்துவிட்டால் போதாது என்பதுதான் அதன் சாரம். இந்த ஏழில் எது உங்கள் விஷயத்தில் மீறப்பட்டிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால் இந்த வழியில் போகலாம். "விலை குறைவு" என்பது மட்டுமே காரணம் என்றால் இது வழி இல்லை.

நேரம் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். ஆட்சேபணைக் கெடுவுக்குள் எழுத்தில் ஆட்சேபித்திருக்க வேண்டும். இழப்பீட்டு ஆணை போட்டு நிலத்தையும் எடுத்த பிறகு வரும் ரிட் மனுவை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை.

ஜெயித்தாலும் அது முடிவாக இருக்காது என்பதற்குச் சேலம் – சென்னை எட்டுவழிச் சாலையே சாட்சி. 277 கிலோமீட்டர் சாலைக்கு 2018இல் அறிவிக்கைகள் வந்தன. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. ஊர் ஊராகப் பட்டாசு வெடித்தார்கள். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, நில எடுப்பைத் தொடரலாம் என்றது. அதன் பிறகும் திட்டம் கிடப்பில்தான் இருந்தது. இந்த இழுபறி முழுவதும் அந்த நிலத்துக்காரர்கள் எதையும் நிம்மதியாகத் திட்டமிட முடியவில்லை. விற்க முடியாது, வங்கி கடன் தராது, புதுசாகப் போர் போடுவதா வேண்டாமா என்றுகூடத் தெரியாது. இதற்கு எந்தச் சட்டத்திலும் இழப்பீடு கிடையாது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய அநியாயமாகப் படுகிறது.

சட்டத்துக்குள்ளேயே ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. நீதிமன்றத் தடை இருந்த காலம் அந்த ஆண்டுக்கு 12 சதவீதக் கணக்கில் சேராது. சந்தை மதிப்பும் அறிவிக்கை தேதியிலேயே நின்றுவிடும். நான்கு ஆண்டு தடை வாங்கித் தோற்றவருக்கு, நான்கு ஆண்டுக்கு முந்தைய விலைதான்.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். "நான் உழுதுகொண்டுதானே இருக்கிறேன், நிலம் இன்னும் என் கையில்தானே?" 2023 ஜூலையில் நெய்வேலி பக்கம் வளையமாதேவியில், கதிர் பிடிக்கும் நெல்வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கிக் கால்வாய் வெட்டியதைப் பார்த்தோம். அந்த நிலங்கள் 2006 முதல் 2013க்குள் கையகப்படுத்தப்பட்டவை. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்க உயர் நீதிமன்றம் சொன்னது, நிலம் திரும்பவில்லை. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இந்தூர் வழக்கில் சொன்னதும் இதையே: நிலத்தை எடுத்ததாக மகஜர், அதாவது சாட்சிகளோடு ஒரு குறிப்பு, எழுதி எடுத்துக்கொண்டால் அது சுவாதீனம்தான், அதன் பிறகு உழுபவருக்கு உரிமை இல்லை. ஏர் உங்கள் கையில் இருப்பதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

எப்போது இது நல்லது? நடைமுறையில் ஓட்டை தெளிவாக இருக்கும்போது. பாசனக் குளம், குடியிருப்பு, ஊரே சேர்ந்து போகும் இடம் என்று பணத்தால் ஈடு செய்ய முடியாதது போகும்போது. ஊரே ஒன்றாக நிற்கும்போது. தனி ஆளாக இந்த வழியில் போகிறவருக்கு என் மனம் முழுக்க ஆதரவு உண்டு, ஆனால் செலவுக்கணக்கைப் பார்க்கச் சொல்வேன்.

வீட்டின் ஒரு பகுதியை மட்டும் சாலைக்குக் கேட்டால் நான்காவதாக ஒன்று உண்டு. "எடுத்தால் முழு வீட்டையும் எடு" என்று 94ஆம் பிரிவின் கீழ் கேட்கலாம். பாதி வீட்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு, படி இல்லாத மாடியோடு உட்கார்ந்திருப்பவர்கள் பலர் இதைக் கேட்டதே இல்லை.

## இப்போதே தொடங்க வேண்டியது

மூன்றில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, தாத்தா பெயரில் இருக்கும் பட்டாவுக்கு வாரிசுச் சான்றிதழ் வாங்கும் வேலையை இந்த வாரமே தொடங்குங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மூலப் பத்திரம், 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்று, அடங்கல் நகல். கல்யாணமாகிப் போன அத்தைகளின் கையெழுத்தும் வேண்டியிருக்கும். அவர்களிடம் கடைசி நேரத்தில் தாளை நீட்டாமல், நோட்டீஸ் வந்த அன்றே போய் உட்கார்ந்து விஷயத்தைச் சொல்லுங்கள். அந்த நிலம் அவர்களுடையதும்தான். நோட்டீஸ் வந்த உறையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். அதில் இருக்கும் தபால் முத்திரைத் தேதியை வைத்துத்தான் உங்கள் கெடு எந்த நாளில் தொடங்கியது என்று நாளைக்கு நிரூபிக்க வேண்டியிருக்கும்.